கருநாக்கும் புதுப்பனியும்

என் நாக்கின் இடது ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதானபோது அதைக் கண்டுபிடித்தவர் என் அத்தை. கரூரில் ஒரு கல்யாண வீடு. பந்தக்கால்களை ஈரக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வெயில் ஏற ஏறக் கயிறு காய்ந்து முடிச்சுகள் நெகிழ்ந்துகொண்டே வந்தன. நான் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பந்தல் விழுந்துரும்" என்றேன். சாயங்காலம் அது விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து சாப்பிடப் போயிருந்ததால் நாற்காலிகளுக்கு மட்டும்தான் அடி. அத்தை என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், "நாக்கை நீட்டுடி" என்றார். நீட்டினேன். "அதானே பார்த்தேன்" என்று சொல்லி, இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்றிலிருந்து நான் கருநாக்குக்காரி. நான் சொன்னால் பலித்துவிடுமாம். யாராவது பரீட்சைக்கோ பெண் பார்க்கவோ ஊருக்கோ கிளம்பினால், "அவ வாயைத் திறக்கறதுக்குள்ள கிளம்புங்க" என்று சொல்லி என்னை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் முடிச்சைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தல் கட்டியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கூலி வாங்கிக்கொண்டு பந்தியிலும் சாப்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

இப்போது ஆக்லாந்தில் இருக்கிறேன். பிளாக்ஹவுஸ் பேயில் வீடு, ஆல்பனியில் வேலை. மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்ப்பது என் வேலை. எது எங்கே விழும் என்று சொல்வதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். அத்தை இருந்திருந்தால் இதைச் சொல்வதற்காகவே ஒரு தடவை ஊருக்குப் போயிருப்பேன்.

ஆக்லாந்தில் பனி விழாது. குளிர்காலம் முழுக்க மழை, துணி காயாது, அவ்வளவுதான். பனியைப் பார்க்க வேண்டும் என்றால் தெற்கே நாலரை மணி நேரம் காரோட்டி ருவாபெஹு மலைக்குப் போக வேண்டும். நான் முதல்முறை போனது தமிழ்ச் சங்கத்துப் பேருந்தில், முப்பத்தெட்டு வயதில், மடியில் புளியோதரைப் பொட்டலத்தோடு. எல்லோரும் அரை மணி நேரம் பனியை வாரி வீசிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, ஹீட்டர் போட்ட பேருந்துக்குள் திரும்பினார்கள். நான் மட்டும் வெளியே நின்றேன். ஸ்கீ லிஃப்ட் எல்லாம் முடிகிற இடத்துக்கும் மேலே, காலில் சறுக்குக்கட்டையோடு மூன்று பேர் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலியில்லை, எச்சரிக்கைப் பலகையில்லை, காவலுக்கு ஆளில்லை. எனக்கு அங்கே போக வேண்டும் என்று இருந்தது.

நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டார்கள். தேவைதான். கற்றுக்கொண்டேன். விழுந்து விழுந்து இடுப்பு நீலம் பாரித்தது. சறுக்குக்கட்டையின் அடியில் தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு வழுக்காமல் ஏறுவதற்கும், உச்சியில் அதை உரித்துவிட்டு இறங்குவதற்கும் பழகினேன். இன்றைக்கும் நான் வேகமாக இறங்குபவள் இல்லை. ஆனால் இறங்கிவிடுவேன்.

என்னோடு வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாபகூராவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணை என்பேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்த மலைக்கு வருகிறவர். பாறை பாறையாகத் தெரியும். கையில் இருப்பதை யாருக்கும் கொடுத்துவிடுகிற மனுஷன். அவரைக் குறை சொல்ல வரும் இடங்களில் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருத்தி என் மகள். இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் இருவரையும்விட நன்றாக இறங்குவாள். அது அவளுக்கும் தெரியும்.

வேலியில்லாத மலைக்குப் போகிறவர்கள் மூன்று சாமான் வைத்திருக்க வேண்டும். மார்பில் கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. பனிச்சரிவு ஒருவரை மூடிவிட்டால், அவர் கருவி அனுப்பும் சமிக்ஞையை மற்றவர்களின் கருவி பிடிக்கும். அதை வைத்துத் தேடி, குத்தி, தோண்டி எடுக்க வேண்டும். அதுவும் சில நிமிடங்களுக்குள். நான் இதைப் பழகியது எங்கள் பேட்டைக் கடற்கரையில். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் என் மகள் கருவியை இட்லிமாவு டப்பாவில் போட்டு மணலில் புதைப்பாள், நான் தேடுவேன். நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், மோதிரம் தொலைந்துவிட்டதா என்று கேட்டு உதவிக்கு வருவார்கள்.

இவ்வளவு பழகியும் நாங்கள் ஒரு காரியம் செய்ததில்லை. பனிச்சரிவு என்ற வார்த்தையை நாங்கள் மலையில் உச்சரித்ததே கிடையாது. ஊரில் ராத்திரியில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பார்களே, அந்த மாதிரி. "அது வருமா?" "அது வராது." "அது போன வருஷம் அந்தப் பக்கம் வந்திருக்காம்." இது யார் தொடங்கியது என்று தெரியாது. அண்ணை கிறிஸ்தவர், நான் விளக்கேற்றுகிறவள். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே வேதம்: கிளம்பும் நேரத்தில் கெட்டதைச் சொல்லக் கூடாது.

வசதியான வார்த்தை அது. பெயரைச் சொன்னால் எந்தச் சரிவு, எந்த அடுக்கு, எந்தக் காற்று என்று அடுத்த கேள்வி வரும். 'அது' என்று சொல்லிவிட்டால் ஒரு கேள்வியும் வராது. வந்தால் வரும், வராவிட்டால் வராது, நாம் நம் வேலையைப் பார்க்கலாம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நான் ஒரு பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாள். சொல்லிக்கொடுத்த பெண் முதல் நாள் காலையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து, "இன்றைக்கு உங்களை எது கொல்லக்கூடும்? ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்றாள். சொல்லி முடிக்காமல் வாகன நிறுத்தத்தைவிட்டு ஒரு அடி எடுத்துவைக்கக் கூடாதாம். வழியில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், எல்லோருக்கும் வேண்டாம்தானாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லையாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. எந்தக் குற்றத்துக்காக என்னை உள்ளறைக்கு அனுப்பினார்களோ, அதை இங்கே விதியாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் திரும்பி வந்து நான் அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த குளிர்காலம் முழுக்க நானும் 'அது' என்றுதான் சொன்னேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அலுவலகத்தில் மேலாளரின் முகத்துக்கு நேரே உங்கள் கட்டுமானம் நாளைக்கே விழும் என்று சொல்கிறவள், தமிழ் பேசும் ஒரு மனிதர் முன்னால் ஒன்பது வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

போன ஆகஸ்டில், இங்கே அது நடுக்குளிர்காலம், மலையில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. சனிக்கிழமை வானம் தெளியும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்புவது என்று பேச்சு. பொதுமக்களுக்கான பனிச்சரிவு முன்னறிவிப்பில் ஆபத்து, ஐந்தில் மூன்று என்று போட்டிருந்தது. காதுக்குச் சுமாராகக் கேட்கும் எண். அந்த மூன்றில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து என்றால் யாரும் போக மாட்டார்கள்.

வாசலில் நின்று காலணி மாட்டிக்கொண்டே அதை என் மகளுக்கு வாசித்தேன். "வடமேற்குக் காத்து பனியைத் தூக்கிட்டுப் போய் மறுபக்கம் கொட்டியிருக்கும். அந்தப் பக்கம் பலகை மாதிரி இறுகியிருக்கும். ஆள் ஏறினா உடையலாம்..."

என் கணவர் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் முன்சக்கரத்தடியில் ஒரு பழம் வைப்பார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவருக்கு. நாள் முழுக்க உடைந்த எலும்புகளைப் பார்க்கிறவர், வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"வாசல்ல நின்னு பேசற பேச்சா இது?" என்றார். "பொண்ணைக் கூட்டிட்டுப் போறே. வாயைக் கழுவு முதல்ல."

"படிக்கத்தானே செய்றேன்."

"நீ படிக்க வேணாம். வேற யாராவது படிக்கட்டும்."

வேறு யாராவது. கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் என் நாக்கைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பெண் பார்க்க வந்தபோதே யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். சிரித்துவிட்டுத் தாலி கட்டினார். அன்றைக்குத்தான் தெரிந்தது, சிரித்தாரே ஒழிய மறக்கவில்லை. நான் காரில் ஏறினேன். ஆக்லாந்தைத் தாண்டி பாம்பே ஹில்ஸ் வரும்வரை, பல்லைக் கடித்ததில் என் தாடை வலித்தது.

சனிக்கிழமை காலை வாகன நிறுத்தத்தில் கண் கூசியது. வானம் துடைத்துவிட்ட நீலம். மலை முழுக்கப் புதுப்பனி. மேலே முகட்டிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி பனி பறந்து அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. அதாவது, கொட்டியது மூன்று நாள் பனி, அந்தப் பக்கம் சேர்ந்த சுமை அதற்கும் மேல். எல்லோரும் அதை அழகு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணை எங்கள் கருவிகளைச் சோதித்தார். தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, சின்ன ஜெபம் செய்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணை, இன்னிக்கு எது நம்மளைக் கொல்லலாம்னு ஆளுக்கொண்ணு சொல்லிட்டுக் கிளம்பலாமா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "தங்கச்சி, வெளிக்கிடேக்க உந்தக் கதை வேண்டாம். ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

என் மகள் வேறு பக்கம் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் ஒரு தடவை.

இரண்டு மணி நேரம் ஏறினோம். சாய்வு குறைந்த ஒரு மேட்டைக் கடக்கும்போது காலுக்கடியில் 'வும்' என்று ஒரு சத்தம். மாடியில் யாரோ பீரோவை நகர்த்தின மாதிரி அடிவயிற்றில் கேட்டது. என் சறுக்குக்கட்டை நுனியிலிருந்து பனியில் ஒரு விரிசல் கோடு, நாலு ஆள் நீளத்துக்கு ஓடி நின்றது. மேலே இருக்கும் இறுகிய பனி, கீழே இருக்கும் உதிரிப் பனியின் மேல் சட்டென்று இறங்கினால் அந்தச் சத்தம் வரும். மலை இதைவிடச் சத்தமாகச் சொல்லாது.

"பனி இருக்குது தங்கச்சி, வேற ஒண்டும் இல்லை" என்றார் அண்ணை. முன்னே நடந்தார்.

அந்த மேட்டிலேயே, மேலிருந்து எதுவும் வந்து விழ முடியாத ஒரு இடமாகப் பார்த்து நான் பையை இறக்கினேன். மண்வாரியை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தேன். அவர்கள் இருவரும் நின்று பார்த்தார்கள். என் நெஞ்சளவுக்குக் குழி. சுவரை வழித்துச் சமமாக்கிவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். மேலே கைமுட்டி சுலபமாக இறங்கும் புதுப்பனி. அதற்குக் கீழே ஒற்றை விரலுக்கும் இடம் கொடுக்காத காற்றுப் பலகை. அதற்கும் கீழே ரவை போல உதிரும் ஒரு மெல்லிய கோடு. அதன் அடியில் போன வாரத்து மழை உறைந்த கண்ணாடி ஐஸ். ரவையை உள்ளங்கையில் எடுத்து ஊதினேன், பறந்தது.

பிறகு சதுரமாக ஒரு தூணை வெட்டி விட்டேன். அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் உடைகிறது, எப்படி உடைகிறது என்பது கணக்கு. முழங்கையிலிருந்து மூன்றாவது தட்டில் மேல்பாதி அப்படியே வழுக்கிக்கொண்டு என் மடிக்கு வந்தது. உடைந்த முகம் கத்தியால் வெட்டினது போல மழமழவென்று இருந்தது. மலைச்சரிவும் இப்படியே வழுக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தனான்" என்றார் அண்ணை. "குழிக்குள்ள எல்லாம் உடையும் தங்கச்சி. நான் அந்த ஓடைக்குள்ள எத்தினை வருசமா இறங்கிறன். ஒருக்காலும் ஒண்டும் நடக்கேல்லை."

அவர் சொன்ன ஓடை, மலையில் மேலிருந்து கீழே போகும் ஒரு குறுகலான இடுக்கு, இருநூறு அடி தள்ளி இருந்தது. இரண்டு பாறை விலாக்களுக்கு நடுவே, காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் நிரம்பிக் கிடந்தது. சாய்வை போனில் அளந்தேன்: முப்பத்தாறு டிகிரி. இப்படிச் சாய்ந்த இடத்தில்தான் பனிப்பலகை வழுக்கும். என் குழியில் பார்த்த அதே நான்கு அடுக்கு, அங்கே இன்னும் தடிமனாக. அந்த ஓடையில்தான் என் மகளை இறக்குவதாக அண்ணை போன வருஷமே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் முழங்காலுக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. இனிமேல் வர முடியுமோ முடியாதோ என்ற பயம் அவருக்கு. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். கெட்டதைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய முழங்காலுக்கும் பொருந்தும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு பக்கத்திலிருந்து ஏறி வந்த இரண்டு பேர் ஓடையின் தலையில் போய் நின்றார்கள். முதல் ஆள் இறங்கினான். வளைந்து வளைந்து, பனி இறக்கை மாதிரி தெறிக்க, அடியில் போய் நின்று கையைத் தூக்கிக் கூவினான். இரண்டாம் ஆளும் இறங்கினான். ஒன்றும் ஆகவில்லை.

"அம்மா, தே ஜஸ்ட் வென்ட் டவுன்!" என்றாள் என் மகள். "லுக்! இட்ஸ் ஃபைன்!" தோல்பட்டையை உரிக்கக் குனிந்தாள்.

அந்த நிமிடத்தில் என் பக்கம் ஒரு சாட்சி இல்லை. இருபது வருஷ அனுபவம் எதிர்ப்பக்கம், கண்முன் இறங்கிய இரண்டு பேர் எதிர்ப்பக்கம், நீல வானம் எதிர்ப்பக்கம். என்னிடம் இருந்ததெல்லாம் மடியில் விழுந்த பனிக்கட்டியும் ஒரு கெட்ட பெயரும்தான்.

நான் அவள் முன்னால் போய்ச் சறுக்குக்கட்டையைக் குறுக்கே வைத்து நின்றேன்.

"இங்க பாரு. அதோட பேரு பனிச்சரிவு. பனிச்சரிவு. அந்த ஓடையில இன்னிக்கு பனிச்சரிவு விழலாம். ரெண்டு பேரைத் தாங்கின பலகை மூணாவது ஆளுக்கு உடையலாம். உடைஞ்சா நீ அந்தப் பாறையில அடிபடுவே. அடிபடாட்டி கீழே இருக்கற பள்ளத்துல புதைவே. எல்லாப் பனியும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். நான் மெதுவா இறங்கறவ. அண்ணைக்கு முழங்கால் சரியில்லை. நாங்க வந்து தோண்டறதுக்குள்ள நீ செத்துப்போயிருவே."

"தங்கச்சி!" அண்ணை கத்தினார். அவர் கை தன்னால் நெற்றிக்குப் போய் சிலுவை போட்டது. "என்ன கதை இது? நீங்கள் பெத்த தாயெல்லே! பிள்ளையைப் பாத்து உப்பிடிச் சொல்லலாமே?"

சொன்னேன். வயிற்றில் சுமந்து பெற்றவளின் முகத்தைப் பார்த்து, நீ செத்துப்போவாய் என்று சொன்னேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், மென்பொருளும் பயிற்சியும் முப்பத்தாறு டிகிரியும் எல்லாம் மறுநொடியே போய், அத்தை முகம் வந்துவிட்டது. நாக்கின் ஓரம் சுருக்கென்று குத்துவது போல இருந்தது. ஐயோ, பலித்துவிட்டால்? எப்படியாவது திரும்ப விழுங்கிவிடு, தூ தூ என்று துப்பிவிடு என்று உள்ளே ஒரு குரல். நான் துப்பவில்லை. விழுங்கவும் இல்லை. நாக்கு என்னுடையது, மச்சம் என்னுடையது, பிள்ளையும் என்னுடையவள்.

"ஒருத்தர் வேணாம்னா எல்லாருக்கும் வேணாம்" என்றேன். "நான் வேணாம்ங்கறேன். காரணம் கேட்டா அந்தக் குழியில போய்ப் பாருங்க."

அண்ணை என்னைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். அவர் தனியாக இறங்கியிருக்கலாம். எங்களை விட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. கட்டையைத் திருப்பினார். ஏறிய தடத்திலேயே, சாய்வு குறைந்த முதுகில், பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி மெதுவாக இறங்கினோம். அண்ணையின் முதுகு வயதானவர் முதுகாக இருந்தது. அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. செய்ததற்காக இல்லை.

திரும்பும் வழியில் என் மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஹாமில்டன் பக்கத்தில் ஒரே ஒரு தடவை, "யூ ஸெட் ஐ வுட் டை, அம்மா" என்றாள். "ஆமா, சொன்னேன்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் என்னைத் திட்டவில்லை. பூஜை அலமாரிக்குப் போய் விபூதி எடுத்து அவள் நெற்றியில் பூசினார். எனக்குப் பூசவில்லை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வட்டாரத்தில் இதுதான் பேச்சு. சங்கத்து விழாவில் ஒரு அம்மாள், "மலையையே கேன்சல் பண்ணிட்டீங்களாமே" என்று சிரித்தார். "ஆமா, உங்களுக்கு ஏதாவது கேன்சல் பண்ணணுமா?" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

புதன்கிழமை அண்ணை போன் செய்தார். வேலையிடத்திலிருந்து, பின்னால் துளைபோடும் சத்தம்.

"தங்கச்சி, விசாரிச்சனான். அந்த ஓடை விழேல்லை. அதுக்குப் பிறகும் ஆக்கள் இறங்கியிருக்கினம்."

"சந்தோஷம் அண்ணை."

அவர் கொஞ்சம் காத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்பேன் என்றோ, சப்பைக்கட்டு கட்டுவேன் என்றோ எதிர்பார்த்திருக்கலாம்.

"விழலைன்னா நான் தோத்துட்டேன்னு நினைக்கிறீங்களா அண்ணை?" என்றேன். "அது விழணும்னு நான் ஆசைப்படலை. என் பொண்ணு அதுக்குள்ள இல்லை. எனக்கு அது போதும். அடுத்த தடவையும் இதையேதான் சொல்லுவேன். உங்களுக்கு ஒத்துவரலைன்னா நான் வரலை."

"ஓம்" என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாணத்து ஆமாம் அது; சம்மதமா, கேட்டேன் என்று சொன்னதா, எனக்குப் புரியவில்லை. வைத்துவிட்டார்.

கருநாக்கு என்பதற்கு இவர்கள் சொல்லும் அர்த்தப்படி பார்த்தால் நான் தோற்றுப்போன கருநாக்கு. சொன்னேன், பலிக்கவில்லை. இருபது வருஷமாக 'அது வராது' என்று சொல்லி, அது வராமல் இருந்ததால், அவர் ராசிக்காரர். ஒரு தடவை சொல்லி, சொன்னபடி நடந்துகொண்டதால், நான் அபசகுனம். இந்தக் கணக்கை எனக்கு ஒருவரும் விளக்க வேண்டாம். ஒன்பது வயதிலேயே புரிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து மலையில் மறுபடி பனி கொட்டியது. அண்ணையின் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. வியாழக்கிழமை அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "சனி வெளிக்கிடுவம். நீங்கள் சொல்லுற இடத்துக்கே போவம்." நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். என் மகளிடம் காட்டவில்லை. வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். வெள்ளி மத்தியானம் பார்த்தால், அவள் பை எனக்கு முன்னால் காரில் இருந்தது.

வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை முன்னறிவிப்பை நான் வாசிக்கவில்லை. காரில் போகும்போது வாசித்துக்கொள்ளலாம், இந்த மனுஷனோடு எதற்கு மறுபடியும் என்று இருந்தது. என் கணவர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லலையா?" என்றார்.

"என்னத்தை?"

"அதான். என்னென்ன ஆகலாம்னு." அவர் காரைக் காட்டினார். "போன தடவை சொன்னே. ரெண்டு பேரும் திரும்பி வந்தீங்க. சொல்லிட்டே போ."

அவர் நம்பிக்கை மாறிவிடவில்லை. பழத்தோடு என் நாக்கையும் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அதுவும் கோபம்தான். ஆனால் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் வாசலில் நின்று என்னைச் சொல் என்று கேட்டிருக்கிறார். சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். தென்மேற்குக் காற்று, எந்தப் பக்கம் சுமை, மத்தியானம் வெயில் ஏறினால் என்ன உருகும், மேகம் இறங்கினால் வழி எப்படித் தப்பும், காரில் வரும்போது எந்த வளைவில் ஐஸ் இருக்கும். பனிச்சரிவு என்று மூன்று தடவை சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"யூ ஃபர்காட் ஒன்" என்றாள் என் மகள் பின்னாலிருந்து.

திரும்பினோம். அவள் கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்.

"நீயும் புதைஞ்சு போகலாம், அம்மா. நீ ரொம்ப ஸ்லோ. நான் தோண்டணும். நான் லேட் ஆனா நீ செத்துருவே."

என்னை யாரும் இந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் வயிறு குளிர்ந்துவிட்டது. "ஆமா" என்றேன், "அதை விட்டுட்டேன்."

என் கணவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகம்.

"எங்க, நாக்கை நீட்டு" என்றார் அவளிடம்.

அவள் நீட்டினாள். அவர் குனிந்து, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி, இந்த ஓரம் அந்த ஓரம் இரண்டையும் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. நான் காரில் ஏறி வண்டியை எடுத்தேன். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.